அல்ஹஃபெரியா அரண்மனையைக் கட்டப்பட்ட வரிசையில் பார்ப்பது எப்படி

ஸ்பெயினின் சரகோசா நகரிலுள்ள அல்ஹஃபெரியா, ஒரே அரசர் கட்டி முடித்த அரண்மனை அன்று. முஸ்லிம் அரசர் எழுப்பியதன்மீது, சரகோசாவை உள்ளடக்கிய அராகோன் நாட்டின் கிறிஸ்தவ மன்னர்களும், அவர்களுக்குப் பின் பெர்னாண்டோ, இசபெல் அரச தம்பதியரும் கட்டிச் சேர்த்தது. ஆகவே, கண்ணில் பட்ட அறைக்குள் எல்லாம் நுழைந்து வருவதைவிட, எது முதலில் எழுந்தது என்பதைப் பின்பற்றிச் செல்வதே நல்லது.

வடபுறச் சதுரக் கோபுரத்திலிருந்து தொடங்குங்கள். வளாகத்தில் மிகப் பழையது இதுவே. அரண்மனை எழுவதற்கு முன்பே காவலுக்காக நின்றது. இன்று வழங்கும் ‘பாணர் கோபுரம்’ என்ற பெயரோ, 1836இல் மேடையேறிய ஒரு ஸ்பானிய நாடகத்தால் வந்தது. பெயரை வைத்துக் காலத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அடுத்து முற்றத்துக்கு வாருங்கள். 11ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், சரகோசாவை ஆண்ட பனூ ஹூத் மரபைச் சேர்ந்த அபூ ஜஅஃபர் அல்-முக்ததிர் இதைத் தம் இன்ப மாளிகையாக அமைத்தார். அரண்மனையின் பெயரும் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. வடக்கு மண்டபத்தை ஒட்டிய சிறிய தொழுகையிடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். எட்டுப் பக்கங்கள் கொண்ட அந்த அறையில், மக்காவின் திசை காட்டும் மிஹ்ராபின் வாயிலைக் குதிரைலாட வளைவு சூழ்ந்திருக்கிறது. அதன் மேல் பின்னிப் படரும் வளைவுகளும் இலைக்கொடிகளும் சுதையில் செதுக்கப்பட்டவை. என் கருத்தில், மாளிகை முழுவதிலும் மிக நுண்ணிய வேலைப்பாடு இதுதான்.

1118இல் முதலாம் அல்போன்சோ நகரைக் கைப்பற்றியபின் அராகோன் மன்னர்கள் இங்கே குடியேறினர். 14ஆம் நூற்றாண்டில் நான்காம் பெட்ரோ அரண்மனையை விரிவாக்கினார். அந்தப் பகுதியை முடித்துக்கொண்டு மேல்தளத்து அரியணை மண்டபத்துக்கு ஏறி, அண்ணாந்து பாருங்கள். மர விதானத்தின் ஆழமான கட்டங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் பொன்பூசிய பைன் காய் ஒன்று தொங்குகிறது; சுவரைச் சுற்றி ஓடும் இலத்தீன் கல்வெட்டு 1492ஆம் ஆண்டைக் குறிக்கிறது. பெர்னாண்டோ, இசபெல் தம்பதியரின் சின்னங்களான நுகத்தடியையும் அம்புகளின் கட்டையும் எங்கே கண்டாலும் அது அவர்கள் காலத்து வேலை என அடையாளம் காணலாம்.

அரச வாழ்வு மங்கிய பிறகு வந்த மாற்றங்களே வெளிமதிலையும் அகழியையும் விளக்குகின்றன. சமயக் கோட்பாட்டை மீறியவர்களை விசாரித்துத் தண்டித்த திருச்சபையின் விசாரணை மன்றம் (இன்குவிசிஷன்) இங்கே இயங்கியது. 1591இல் அராகோனில் எழுந்த கலகத்துக்குப் பின், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பெலிப்பேயின் ஆணைப்படி இத்தாலியப் பொறியாளர் திபுர்சியோ ஸ்பனோக்கி இதைக் கோட்டையாக்கினார். பின்னாளில் படைவீரர் குடியிருப்பாகி, உள்ளலங்காரம் வெகுவாகச் சிதைந்தது.

எனவே பழையதையும் மீட்கப்பட்டதையும் பிரித்தறியப் பழக வேண்டும். கட்டடக்கலைஞர் பிரான்சிஸ்கோ இன்யிகெஸ் 1947இல் தொடங்கிய மீட்புப் பணியைத் தம் இறுதிக்காலம் வரை நடத்தினார். முற்றத்தில் நீங்கள் காணும் வளைவுகளில் சில நகல்கள். அசல்கள் சரகோசா அருங்காட்சியகத்திலும் மாட்ரிட்டின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்திலும் உள்ளன. 1987 முதல் அராகோன் மாநிலத்தின் நாடாளுமன்றம் இங்கேயே கூடுவதால், பார்வை நேரத்தை முன்னதாக விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். மாட்ரிட் செல்லும் வாய்ப்பிருந்தால், அந்த அசல் வளைவுகளையும் பார்த்துவிடுங்கள்.