பால்சா றெக்கை: பலகையை விட்டு எடுக்கும் முன்

பால்சா என்ற லேசான மரத்தில் மாடல் விமானம் கட்டும் கிட் பெட்டியைப் பிரித்ததுமே, லேசரில் வெட்டிய ரிப்களை (றெக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளை) தகட்டிலிருந்து தட்டி எடுக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, றெக்கையை வைத்துக் கட்டும் பலகையை. றெக்கை நேராக வருமா, முறுகி வருமா என்பதில் பாதியை அதுதான் தீர்மானிக்கிறது. நேரான இரும்பு ஸ்கேல் ஒன்றைப் பலகையின் மூலைக்கு மூலை குறுக்காக நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால் அந்தப் பலகை உதவாது. குண்டூசி இறங்கும் அளவுக்கு மேற்பரப்பு மென்மையாகவும் இருக்க வேண்டும். பிளானை (றெக்கையின் முழு அளவு வரைபடத்தை) விரித்து, பசை ஒட்டாமல் இருக்க அதன்மேல் மெழுகுத்தாள் போட்டு இழுத்துக் குத்துங்கள். காகிதம் ஈரக்காற்றில் நீளும். அதனால் பிளானின் கோடும் வெட்டிய பாகத்தின் பள்ளமும் ஒத்துப்போகாவிட்டால் நான் பாகத்தைத்தான் நம்புவேன்.

அடுத்தது மரம். றெக்கை நெடுக ஓடிச் சுமை தாங்கும் ஸ்பார் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கண்ணருகே வைத்து நெடுகப் பாருங்கள், லேசாக வளைத்தும் பாருங்கள். விறைப்பில் ஒத்தவற்றை ஜோடி சேர்த்து ஒன்று இடது றெக்கைக்கு, ஒன்று வலதுக்கு என்று பிரித்து வையுங்கள். பால்சாத் தகடுகளையும் கிராம் தராசில் நிறுத்து இரு பக்கமும் சமமாகப் பங்கிடுங்கள். ஒரே அளவுத் தகடு இரண்டில் ஒன்று மற்றதைப் போல இருமடங்கு கனமாக இருப்பது பால்சாவில் அதிசயமே இல்லை.

கீழ் ஸ்பாரைப் பிளானின் கோட்டில் வைத்து இரு பக்கமும் குண்டூசியால் அணைத்து நிறுத்துங்கள். ஸ்பாரின் ஊடே குத்த வேண்டாம், ஓட்டை விழுந்த இடத்தில்தான் பிறகு ஒடியும். ரிப்களை மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரு பாதியும் இணையும் நடுவில் வரும் முதல் ரிப் மட்டும் கிட்டில் தந்திருக்கும் கோண அட்டைக்கு ஏற்பச் சாய வேண்டும். மேல் ஸ்பார், முன்விளிம்பு, பின்விளிம்பு எல்லாவற்றையும் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். எல்லாம் உட்கார்ந்த பிறகு நீர்த்த சூப்பர் க்ளூவை மூட்டுக்கு ஒரு சொட்டு விட்டால் போதும். அதன் ஆவி கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். உப்புத்தாள் போட வேண்டிய இடங்களுக்குச் சூப்பர் க்ளூ ஆகாது. அது பால்சாவைவிடக் கடினமாக இறுகிவிடுவதால் சுற்றியுள்ள மரம் தேயும், பசைக்கோடு மட்டும் மேடாக நிற்கும். அங்கெல்லாம் மரப்பசைதான்.

இரண்டு ஸ்பாருக்கும் நடுவே ரிப்புக்கு ரிப் ஒட்டும் சிறு தகடுகளை ஷியர் வெப் என்பார்கள். பலரும் கடமைக்கு ஒட்டிவிட்டுப் போகும் வேலை இது. பறக்கும்போது மேல் ஸ்பார் நசுங்கப் பார்க்கும், கீழ் ஸ்பார் இழுபடும். இரண்டையும் சேர்ந்து வேலை செய்ய வைப்பதே இந்த வெப்தான். இதன் நாரோட்டம் மேலும் கீழுமாக நிற்க வேண்டும். கிடையாக ஒட்டினால் பெரிய வளைவில் இழுக்கும்போது நார் நெடுகப் பிளந்துவிடும். ரிப்களுக்கு நடுவே இடைவெளியில்லாமல் அளந்து வெட்டி, இரண்டு ஸ்பாரிலும் முழு நீளத்துக்குப் பசை படும்படி ஒட்டுங்கள். உடலை ஒட்டிய பகுதியில்தான் சுமை அதிகம், அங்கே சிக்கனம் கூடாது.

பிளானில் வாஷ்அவுட் (நுனியில் வேண்டுமென்றே வைக்கும் சிறு முறுக்கு) கேட்டிருந்தால் அதை வைக்கும் நேரமும் இதுதான். றெக்கை நுனியில் பின்விளிம்பை மெல்லிய ஆப்பு வைத்து உயர்த்த வேண்டும். நுனியின் அகலம் 200 மி.மீ. என்றால் 2 டிகிரிக்குச் சுமார் 7 மி.மீ. உயரம் வரும். இதனால் வேகம் குறையும்போது நுனி கடைசியாகத்தான் ஸ்டால் ஆகும் (தூக்கும் விசையை இழக்கும்), விமானம் ஒரு பக்கம் சட்டென்று கவிழாது. இரு பக்கமும் ஒரே ஆப்பையே பயன்படுத்துங்கள். கேட்காத கிட்டில் நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

சர்வோ (றெக்கையின் அசையும் பாகத்தை இயக்கும் சிறு மோட்டார்) ஒயருக்குக் காகிதக் குழாய் சுருட்டி, ரிப் ஓட்டைகளில் நுழைத்து, பிறகு ஒயரை இழுக்க உள்ளே ஒரு நூலையும் விட்டு வையுங்கள். பிறகு றெக்கையின் மேற்பக்கத்தை மூடும் மேல்தகடு. பெரும்பாலும் 1.5 மி.மீ. பால்சா. வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் முன்விளிம்பின் வளைவுக்குப் படிந்து கொடுக்கும். மரப்பசை தடவி, குண்டூசி குத்தி, ஆப்பு அசையாமல் ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள்.

நெடுக்காகக் கீறிய காகிதக் குழாயை முறுக்கிப் பாருங்கள், எளிதாக முறுகும். கீறாத குழாய் முறுகாது. மேல்தகடு மட்டும் ஒட்டிய றெக்கை கீறிய குழாய். கீழ்த்தகடு ஒட்டியதும் அது மூடிக்கொள்கிறது, அந்த நொடியில் இருக்கும் முறுக்கு நிரந்தரமாகிவிடுகிறது. அதனால் திருப்பிப் போட்டதும் ஸ்பார் நெடுகத் தாங்கல் கொடுத்து, நடு ரிப்பிலும் நுனி ரிப்பிலும் கோணத்தை அளந்துவிட்டு, பிறகு பசை புட்டியைத் தொடுங்கள். சில கிட்டுகளில் கீழ்த்தகடு முதலிலேயே பலகையில் படுத்துவிடும், எனக்குப் பிடித்த முறை அது.

இரண்டாவது பாதியைத் தொடங்கும் முன், கையிலிருப்பது எந்தப் பக்கம் என்று பிளானில் பெரிதாக எழுதி வையுங்கள். இரண்டு இடது றெக்கை கட்டியவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம். வலதுக்குத் தனிப் பிளான் இல்லையென்றால் தாளில் எண்ணெய் தடவுங்கள், கோடு மறுபக்கம் தெரியும்.

இரு பாதியையும் இணைக்க 5 நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்து ஒட்டும் பசை) வேண்டாம், 30 நிமிட எபாக்ஸிதான். மூட்டைத் தாங்கும் பிளைவுட் துண்டான பிரேஸை இரு பாதியிலும் நுழைத்து, ஒரு பாதியைப் பலகையில் படுக்க வைத்து, மற்றதன் நுனியைப் பிளானில் சொன்ன உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். இறுகியதும் மூட்டைச் சுற்றி எபாக்ஸியில் நனைத்த கண்ணாடியிழைத் துணி ஒரு சுற்று.

றெக்கைமேல் ஃபிலிம் உறை ஒட்டிய பின் சிறு முறுக்கு தெரிந்தால், தகடு மூடாத திறந்த சட்ட றெக்கையில் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து, இஸ்திரியால் சூடு காட்டி ஃபிலிமைச் சுருக்கிச் சரிசெய்யலாம். முழுக்கத் தகடு மூடிய றெக்கை இதற்கெல்லாம் அசையாது. கடைசியாக, விமானத்தை மூக்கிலும் வாலிலும் தாங்கிப் பிடியுங்கள். எந்த நுனி மேலே போகிறதோ அதில் ஒரு சிறு ஆணியைச் செருகி, சமநிலை வந்ததும் ஒரு சொட்டுப் பசை விடுங்கள்.