ஸ்கீ தெரியாதவருக்கு மோன் ட்ரம்ப்ளான்

டிசம்பர் பிறந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "அண்ணை, ட்ரம்ப்ளானில மூண்டு நாளுக்குக் கொண்டோ எடுத்திருக்கிறம். ஸ்கீ ஒருத்தருக்கும் தெரியாது. அங்க வேற என்ன செய்யிறது?"

ட்ரம்ப்ளான் என்பது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஸ்கீக்கு, அதாவது பனிச்சறுக்குக்குப் பெயர்போன மலை; கொண்டோ என்பது அங்கே வாடகைக்கு எடுக்கும் அடுக்குமாடி வீடு. என்னிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவுக்கு வந்த புதிதில், அந்த மலையடிவாரத்து உணவகம் ஒன்றின் குசினியில் இரண்டு குளிர்காலம் கோப்பை கழுவினேன். ஒரு நாள் ஸ்கீ டிக்கெட் வாங்கினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் லீவு நாட்களில் காட்டுக்குள் நடந்தேன். இன்றுவரை எனக்கு ஸ்கீ ஓட்டத் தெரியாது. காடு கொஞ்சம் தெரியும்.

முதலில் போகும் வழி. மொன்றியலில் இருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். 15ஆம் இலக்க நெடுஞ்சாலை சென்த் அகத்தில் முடிய, அதுவே 117 ஆகிவிடும், நேரே போகவேண்டியதுதான். ரொறன்ரோவிலிருந்து வருபவர்கள் மொன்றியல் நெரிசலுக்குள் நுழையத் தேவையில்லை. ஹாக்ஸ்பெரியில் ஒட்டாவா ஆற்றைக் கடந்து, மொண்டபெல்லோ போய், 323ஆம் இலக்க வீதியைப் பிடியுங்கள். ஆனால் அந்த வீதியில் பின்னேரம் இருட்டிய பிறகு வேகம் வேண்டாம், மான் குறுக்கே பாயும். கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோ கார்களை அந்தச் சட்டம் பிடிக்காது, மலை ஏற்றம் பிடிக்கும். போட்டுக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது உடுப்பு. இதைத்தான் நான் அதிக நேரம் கதைப்பேன், மருமக்கள் கொட்டாவி விட்டாலும் சரி.

என் முதல் லீவு நாளில் ஜீன்ஸ், பருத்தி பனியன், அதன்மேல் தடித்த ஜாக்கெட் என்று போனேன். அரை மணி நேர ஏற்றத்தில் முதுகு வியர்த்தது. ஒரு கல்லில் இருந்து ஆறினேன். ஐந்து நிமிடத்தில் அந்த வியர்வை ஐஸ் தண்ணீர். முழங்காலுக்குக் கீழே பனி உருகி ஊறிய ஜீன்ஸ் தகரக் குழாய் போல விறைத்துவிட்டது. திரும்பி வரும்போது நடக்க நடக்கச் சத்தம் கேட்டது. குசினிக்குள் வந்த என்னைத் தலைமைச் சமையல்காரர் மேலும் கீழும் பார்த்தார். உள்ளூர்க்காரர், வாயைத் திறந்தால் பிரெஞ்சுத் தூஷணம். அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் பழைய கம்பளி உள்ளுடுப்பை எடுத்துத் தந்தார்.

ஆகவே: தோலோடு ஒட்டி இருப்பது கம்பளியோ பொலியெஸ்டரோ, எதுவானாலும் பருத்தி வேண்டாம். அதற்கு மேல் மெத்தென்ற ஃபிளீஸ் துணி உடுப்பு. அதற்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி. ஒரே ஒரு தடித்த கோட்டைவிட இந்த மூன்றும் மேல், ஏனென்றால் ஏற்றத்தில் ஒன்றைக் கழற்றலாம், நின்றால் திரும்பப் போடலாம். புறப்படும்போது கொஞ்சம் குளிர்ந்தால் சரியான அளவு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். கம்பளிக் காலுறை ஒரு சோடி போதும். இரண்டு சோடி மாட்டினால் சப்பாத்து இறுகும், இரத்தம் ஓடாது, கால் இன்னும் குளிரும். விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் கையுறை, விரல் விரலாகப் பிரிந்ததைவிடச் சூடு. லண்டனிலிருந்து வந்த பெரியம்மா சேலையோடுதான் வருவேன் என்று நின்றார். சரி என்று உள்ளே கம்பளிக் காற்சட்டை போட வைத்தோம். சேலை பனியைக் கூட்டிக்கொண்டே வந்தது, ஆனால் அவருக்குக் குளிரவில்லை.

வெப்பமானி காட்டும் இலக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், காற்றோடு சேர்த்துச் சொல்லும் குளிர் இலக்கத்தைப் பாருங்கள். அது மைனஸ் 28க்கும் 39க்கும் இடையில் என்றால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மூக்கு நுனியில், கன்னத்தில், காது மடலில் வெளிறிய திட்டு வந்தால் அது உறையத் தொடங்கிவிட்டது. தன் மூக்கைத் தானே பார்க்க முடியாது, அதனால் இருவர் இருவராக முகம் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டு கண்டால் வெறும் உள்ளங்கையால் பொத்திச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது. பனியால் தேய்ப்பது பழங்காலத்துப் பிழையான வைத்தியம்.

தொலைபேசியை உட்பையில், உடம்போடு வையுங்கள். வெளிப்பையில் இருந்தால் பாதி பட்டறி காட்டிக்கொண்டிருக்கும்போதே செத்துவிடும். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாகச் செருகுங்கள்; உறைவது மேற்பரப்பில்தானே, மூடிப்பக்கம் திறந்து குடிக்கலாம். நாங்கள் ஒரு பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி, ஜாக்கெட்டுக்குள் ஈயத்தாளில் சுற்றிய ரோல்ஸ். ஆறின ரோல்ஸைக் கடித்துப் பல்லுடைத்த அனுபவமும் உண்டு என்பதால் ஜாக்கெட்டுக்குள் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி, செய்வது என்ன? என் தேர்வு எப்போதும் பனி மிதியடி. பிரெஞ்சில் ராக்கெத். முன்பு மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிச் செய்தார்கள். இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். வாடகைக்குக் கிடைக்கும். நடக்கத் தெரிந்த எவருக்கும் பத்து நிமிடத்தில் பிடிபடும்.

மாட்டும்போது கொக்கிகள் காலின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் ஒன்றோடு ஒன்று கொளுவும். சப்பாத்தின் முன்பாதம் சுழலும் தட்டின் நடுவில் இருக்கட்டும். குதிக்காலைக் கட்டக் கூடாது, அது தூக்கித் தூக்கி விழ வேண்டும். கால்களைக் கொஞ்சம் அகட்டி நடங்கள். பின்னுக்கு மட்டும் நடக்காதீர்கள். வால் பனிக்குள் குத்தும், நீங்கள் மல்லாந்து விழுவீர்கள், படம் எடுக்கிறேன் என்று பின்வாங்கும் ஆள் எப்போதும் இப்படித்தான் விழுவார். விழுந்தால் அவசரமாக எழும்ப முயல வேண்டாம். பக்கவாட்டில் புரண்டு, முழங்காலில் வந்து, தடியை ஊன்றி எழும்புங்கள்.

இன்னொன்று, சண்டை வராமல் இருக்க. பாதையில் இரண்டு கோடு போட்டதுபோல ஆழமான தடம் இருந்தால் அது சமதள ஸ்கீக்காரருக்கு இயந்திரத்தால் போட்டது. அதை மிதித்துக் குலைத்தால் திட்டு விழும், திட்டுவது நியாயமும்கூட.

புதியவர்களை நான் முதலில் கூட்டிப்போவது தொமேன் சான் பெர்னார் என்ற காட்டுக்கு. ஊரை ஒட்டியது, ஏற்றம் அதிகம் இல்லாத பாதைகளும் உண்டு. இந்தப் பக்கத்துக் காடுகளில் கறுப்புத் தொப்பி போட்டதுபோலச் சின்னக் குருவி ஒன்று, சிக்கடி, மனிதரைச் சுற்றிச் சுற்றி வரும். கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றால், உள்ளங்கையில் சூரியகாந்தி விதை இருந்தால், வந்து இருக்கும். பாரம் தெரியாது. நகம் மட்டும் ஊசி முனைபோலத் தெரியும். விதையை எடுத்துக்கொண்டு பறந்துவிடும், கையில் தின்னாது. பன்னிரண்டு வயது மருமகன் அன்றைக்கு முழுவதும் தொலைபேசியைத் தொடவில்லை. ஆனால் தேசியப் பூங்காவுக்குள் எந்த உயிருக்கும் தீனி போடுவது தடை. எங்கே நிற்கிறீர்கள் என்று அறிவித்தல் பலகையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

நடக்கும்போது மரத்தையும் பாருங்கள். மஞ்சள் பொன்னிறத்தில் கடதாசி போல உரியும் பட்டை இருந்தால் அது மஞ்சள் பேர்ச். காற்றில் முறிந்து விழுந்த சுள்ளி கிடந்தால் எடுத்து நகத்தால் கீறி மணந்து பாருங்கள். நம் வீட்டுக் கோடாலித் தைலம்! சமையல்காரர் இதைக் காட்டிய அன்று, ஊரை விட்டு வந்து அத்தனை நாளில் முதல்தடவையாக அம்மாவின் தலையணைப் பக்கம் நினைவு வந்தது. தடங்களும் படிக்கலாம். பெரிய பாதம் இரண்டு முன்னாலும் சின்னது இரண்டு பின்னாலும் தெரிந்தால் முயல். பாயும்போது பின்னங்காலை முன்னே போட்டுத்தான் இறங்கும். எந்தப் பக்கம் போனது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், எல்லாரும் பிழையாகச் சொல்வார்கள்.

இப்போது ஓர் எச்சரிக்கை. இரவு வேலை முடிந்ததும் நாங்கள் நாலைந்து கோப்பை கழுவிகள் குசினித் தட்டங்களை எடுத்துக்கொண்டு, பூட்டின ஸ்கீச் சரிவில் ஏறி, அதில் இருந்து வழுக்கி வருவோம். ஒருநாள் சமையல்காரர் கண்டுவிட்டு, இருந்த தூஷணம் எல்லாவற்றையும் கொட்டினார். தட்டத்துக்காக என்று நினைத்தோம். பிறகு கையைப் பிடித்து மேலே காட்டினார். பனியைச் சமப்படுத்தும் இயந்திரம், செங்குத்தான இடத்தில் மேலே ஒரு நங்கூரத்தில் இரும்புக் கேபிளைக் கட்டிக்கொண்டு இழுபடும். அந்தக் கேபிள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, திடீரென்று பனியிலிருந்து விண்ணென்று கிளம்பும். கழுத்து உயரத்தில் கிளம்பினால் கதை முடிந்தது. கொண்டோ ஜன்னலுக்கு நேரே சரிவு வெறுமையாகக் கிடந்தாலும் இரவில் ஏறாதீர்கள். வழுக்க ஆசை என்றால், டியூப்பில், அதாவது காற்றடைத்த வளையத்தில், வழுக்குவதற்கென்றே வைத்திருக்கும் இடத்துக்குக் காசு கட்டிப் போங்கள்.

உறைந்த ஏரியும் அப்படித்தான். ஓராள் நடக்க 15 சென்டிமீட்டர், கூட்டமாக நிற்க 20 சென்டிமீட்டர் தடிப்பாவது ஐஸ் வேண்டும். ஆறு வந்து விழும் வாயில், பாலத்தின் கீழ், எப்போதும் மெலிந்திருக்கும். உள்ளூர்ச் சனம் நிற்கும் இடத்தில் நில்லுங்கள்.

நாய்கள் இழுக்கும் பனி வண்டி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், விலையும் அதற்கேற்றபடி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நீங்கள் விழுந்தாலும் கைபிடியை விடக் கூடாது. நாய்கள் உங்களுக்காக நிற்காது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளவும் வேண்டும்.

காசே செலவில்லாதது ஒன்று: கீழ்க் கிராமத்திலிருந்து மேலே சதுக்கம் வரை, வீட்டுக் கூரைகளுக்கு மேலால் கம்பியில் தொங்கிப் போகும் திறந்த தொட்டி, கப்ரியோலே. இலவசம். நின்றபடி போகலாம். அம்மம்மா மூன்று முறை போய் வந்தார். 875 மீட்டர் உயரத்து உச்சிக்குப் போகும் மூடிய கொண்டோலாவுக்குக் காசு. முகில் மூடியிருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். 1939இல் ஜோ ரயன் என்ற அமெரிக்கர் ஸ்கீத் தலம் திறக்கும் முன்பே, அல்கோன்கின் பழங்குடியினர் இந்த மலையை நடுங்கும் மலை என்று அழைத்தார்கள்; மனிதர் இயற்கையைக் குழப்பினால் மலைத் தெய்வம் நடுங்க வைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ட்ரம்ப்ளான் என்ற பெயருக்கும் நடுங்குவது என்றுதான் பொருள்.

மலைக்குப் பின்னால் இருப்பது தேசியப் பூங்கா. 1895இல் உருவானது, கியூபெக்கிலேயே முதலாவது, 1,510 சதுர கிலோமீட்டர். ஓநாய்கூட உண்டு, நான் கண்டதில்லை. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள், முக்கியமாக இலையுதிர் கால வார இறுதிகளில். பலகைகள் பிரெஞ்சில் இருக்கும்: செந்தியே என்றால் பாதை, ஃபெர்மே என்றால் மூடியிருக்கிறது, ஷூட் என்றால் நீர்வீழ்ச்சி. ஒரு மச்சான் ஷூட் என்ற சொல்லை ஆங்கிலமாக வாசித்து, பிள்ளைகள் சறுக்கும் இடம் என்று நினைத்து டியூப்போடு இறங்கினான்.

குளிர் ஒத்துவராதவர்கள் செப்டம்பர் கடைசியில், அக்டோபர் தொடக்கத்தில் வாருங்கள். மேப்பிள் சிவக்கும். மன்றோ ஏரிக்கு மேலே லா ரோஷ் பாறைக்கு ஏறினால் ஏரி முழுவதும் காலடியில் கிடக்கும். முழங்கால் பிரச்சினை இருந்தால் லா கோர்னிஷ் போதும், அது குட்டையான பாதை. நன்றிகூறும் நாள் வார இறுதியில் மட்டும் வராதீர்கள், காட்டைவிடக் கார்தான் அதிகம் தெரியும். கோடையில் டியாபிள் ஆற்றில் கனூ என்ற துடுப்புப் படகு. டியாபிள் என்றால் பிசாசு, ஆனால் வளைந்து வளைந்து போகும் அந்தப் பகுதி பசுப்போல. இடையிடையே மணல் திட்டில் இறங்கிச் சாப்பிடலாம். ஆளுக்கொரு உயிர்காப்பு மேலங்கி வேண்டும், இது சட்டம். சைக்கிள்காரருக்குப் பழைய ரயில் தடத்தில் போட்ட பெட்டி ட்ரான் டு நோர் பாதை இருக்கிறது. ரயில் ஓடிய தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது. மே நடுப்பகுதி முதல் ஜூன் கடைசி வரை வரவேண்டாம் என்பேன். பிளாக் ஃப்ளை என்ற சின்னக் கறுப்பு ஈ, காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வரவைக்கும். வந்தே ஆகவேண்டும் என்றால் வெளிர் நிற உடுப்பும் நீண்ட கையும்.

மார்ச், ஏப்ரலில் வந்தால் மேப்பிள் சீனிக் குடிலுக்குப் போங்கள். இரவு உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் மரம் சாறு விடும். 40 லீட்டர் காய்ச்சினால் ஒரு லீட்டர் பாணி. அதை இன்னும் இறுக்கி, தொட்டியில் நிரப்பிய சுத்தமான பனிமேல் கோடாக ஊற்றுவார்கள். ஊற்றியதும் தொடாதீர்கள், நாக்கு வெந்துவிடும். பத்து எண்ணி, குச்சியை ஒரு முனையில் வைத்துச் சுருட்டுங்கள். பெரியம்மா வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "பனம் பாணிதான்ரா. ஆனா புகை மணம் காணாது." பிறகு வரிசையில் திரும்பப் போய் நின்றார்.