மைஎஸ்கியூஎல் இணைப்புகள் நிரம்பிவிட்டால்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்திலிருந்து சேலத்துக்கும் தருமபுரிக்கும் பஸ் பிடிக்க நம்மவர்கள் பையைத் தூக்கும் வெள்ளிக்கிழமை மாலை பார்த்துத்தான் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வர் 1040 என்ற பிழையைக் காட்டும்: 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்'.

அவசரப்பட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், தடயம் அழிந்துவிடும். இயல்பான வரம்பு 151 இணைப்புகள். அதற்கு மேல் ஒரே ஒரு இடம் நிர்வாகிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் வழியாக உள்ளே போய் 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்' கட்டளையைக் கொடுங்கள், திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியல் வரும். கமாண்ட் பத்தியில் வரிசையாக 'ஸ்லீப்', டைம் பத்தியில் ஆயிரக்கணக்கான வினாடிகள் என்று இருந்தால், பெரும்பாலும் கோளாறு சர்வரில் இல்லை. இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் போன செயலியில் இருக்கிறது. அது எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்பதை ஹோஸ்ட் பத்தி காட்டிக்கொடுத்துவிடும்.

தூங்குகிறவற்றை 'கில்' கட்டளை கொடுத்து விடுவித்த கையோடு, சும்மா இருக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்று சொல்லும் 'வெயிட் டைம்அவுட்' மதிப்பைக் குறையுங்கள். இயல்பில் அது 28,800 வினாடிகள், அதாவது 8 மணி நேரம். எந்த இணையதளத்துக்கு அவ்வளவு பொறுமை வேண்டும்? 'செட் குளோபல்' மூலம் செய்யும் மாற்றம் புதிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும், ரீஸ்டார்ட் ஆனதும் போய்விடும். 8.0 பதிப்பு முதல் 'செட் பெர்சிஸ்ட்' இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

வரம்பை ஆயிரமாக உயர்த்தலாமே என்பார்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் நினைவகம் வேண்டும். கசிவை அடைக்காமல் தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்?

செயலிக்கு எல்லா உரிமையும் உள்ள ரூட் என்ற நிர்வாகிக் கணக்கைக் கொடுத்திருந்தால் நிர்வாகியின் அந்த ஒற்றை இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனிக் கணக்கு உருவாக்கி, அதன் டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.