கல்லறைத் தோட்டத்தில் மரக்குற்றி எடுக்கும்போது

ஒக்கி புயலில் 2017 நவம்பர் கடைசியில் முறிந்த மரங்களின் குற்றிகள், அதாவது அடிக்கட்டைகள், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் கிடக்கின்றன. எடுக்க என்னைக் கூப்பிடும் சபையார் முதலில் கேட்பது, "ஜேசிபி விட்டு இழுத்திரலாமா?" தயவுசெய்து வேண்டாம். பெரிய அயனி மரத்தின் வேர் பக்கத்துக் குழிகளுக்கு அடியிலும் ஓடியிருக்கும். இழுத்தால் அந்தக் கல்லறையின் தளமும் சேர்ந்து பெயரும். தீ வைத்தால் சூட்டில் கல் வெடிக்கும். உப்போ ஆசிடோ ஊற்றினால் கல்லும் சுண்ணாம்பும் பொரிந்து உதிரும். குற்றியை மட்டும், பல் வைத்த சக்கரம் சுழலும் அரவை மெஷினில் அரைத்துவிட்டு, வேரை மண்ணுக்குள்ளேயே மக்க விடுவதுதான் சரி.

மெஷின் வருவதற்கு முன்பே அடக்கப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே ஆலயம் கட்டியது 1809-இல். அந்தக் காலத்துச் சபைகளில் முதல் தலைமுறையில் பலருக்கு மண்மேடு மட்டும்தான். அது எப்போதோ தரையோடு தரையாகியிருக்கும். பதிவேட்டில் இல்லாததை ஊர்ப் பாட்டிமார் சொல்வார்கள். "அந்த அயனி மூட்டுக்கு மேக்க எங்க மாமியாருக்க குழி கிடக்கு" என்று ஒருவர் கை காட்டினால், அங்கே குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். அந்தக் குடும்பத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் ஒரு மெல்லிய கம்பியைக் குற்றியைச் சுற்றிச் சாணுக்குச் சாண் மெதுவாக இறக்கிப் பாருங்கள். முக்கால் அடிக்கு மேல் போக வேண்டாம். வேரில் பட்டால் கம்பி மெத்தென்று நிற்கும். செங்கல்லில் பட்டால் டக்கென்று கையில் அதிரும். திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அடியில் பொந்து இருக்கிறது. அந்த இடத்தில் மெஷினும் ஏறக் கூடாது, ஆளும் நிற்கக் கூடாது.

கையால் தள்ளும் சின்ன மெஷினே போதும். போகும் வழியெல்லாம் பலகை போடுங்கள். சக்கரப் பல் சில்லையும் கல்லையும் வேகமாக எறியும். ஒரு கல் தெறித்தால் பளிங்கில் வெட்டிய பெயர் போய்விடும். அதனால் சுற்றியுள்ள கல்லறைகளுக்கு முன்னால் ப்ளைவுட் நிறுத்துங்கள். கண்ணாடி, பூட்ஸ் கட்டாயம். பெட்ரோல் ஊற்றுவதைத் தோட்டத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றியை முதலில் தரையை ஒட்டி அறுத்துவிட்டு, ஓரத்திலிருந்து இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும். பார்வை வெளியே வரும் தூளிலேயே இருக்கட்டும். அயனி மஞ்சளாகத் தூள் விடும். அதில் செம்மண் கலந்து வர ஆரம்பித்தால் அந்தப் பக்கம் மரம் முடிந்தது, சக்கரத்தைத் தூக்குங்கள். அரை அடி ஆழம் தாராளம். பொறி பறந்தாலோ சத்தம் மாறினாலோ உடனே நிறுத்திக் கையால் தோண்டிப் பாருங்கள். பழைய இரும்பு வேலியை, உடைந்த சிலுவையை மரம் விழுங்கியிருக்கும். எலும்பு தென்பட்டால் வேலை அன்றைக்கு அவ்வளவுதான். மூடி வைத்துவிட்டுப் பங்குத்தந்தையையோ போதகரையோ கூப்பிடுங்கள்.

தூளை அன்றே அள்ளிவிட வேண்டும். மழை நனைத்தால் வெள்ளைக் கல்லில் கறை ஏறும், கரையானும் வரும். குழியைச் செம்மண்ணால் அடுக்கடுக்காக இடித்து நிரப்பி, நாலு விரல் உயரம் கூட்டியே விடுங்கள். கல்லறைத் திருநாள் நவம்பர் 2 என்று அக்டோபரில் கூப்பிடுகிறார்கள். அப்போது மண் சேறாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் முடித்தால் ஜூன் மழையில் மண் தானாக அமர்ந்துவிடும்.

பூவரசும் வேம்பும் மறுபடி துளிர்க்கும். தளிராக இருக்கும்போதே கிள்ளிக்கொண்டே இருங்கள். தென்னங்குற்றியின் நார் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், அதைக் கோடாலியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். மக்கட்டும் என்று விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டு, பக்கத்துத் தோப்புக்குப் போகும்.