கடற்கரை வீட்டுத் தோட்டத்தில் புன்னை வளர்க்கும் முறை

குமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து குளச்சல் வரையிலும், கேரள எல்லைக்கு அப்பால் பொழியூர், பூவார் பக்கத்திலும் கடலை ஒட்டி வீடு கட்டியவர்கள் முற்றத்துக்கு ஒரு பூமரம் கேட்டால், நான் தயங்காமல் சொல்வது புன்னையைத்தான். அதன் தடித்த, பளபளப்பான இலை உப்புக்காற்றைத் தாங்கும். ஓரளவு உவர்ப்பேறிய நிலத்தடி நீரை வேரும் பொறுத்துக்கொள்ளும். வெண்ணிற இதழ்களும் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்களுமாகப் பூக்கும் நாள்களில் அதன் மணம் தெரு வரை வரும். ஆனால் இந்தத் தாங்குதிறன் வேரூன்றிய மரத்துக்கே முழுமையாக உண்டு. மணலில் வைத்த கன்று பட்டுப்போவதைக் கண்டு, இந்த மண்ணுக்குப் புன்னை ஆகாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

விதைக்கு, மரத்தடியில் தோல் மஞ்சளாகியோ பழுப்பாகச் சுருங்கியோ உதிர்ந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கிக்கொள்ளலாம். வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. நீரிலிட்டு மிதப்பதைக் கழிக்கும் வழக்கம் இங்கே உதவாது. கடல்நீரில் மிதந்து கரைகளுக்குப் பரவும் மரமாதலால் அதன் நல்ல கொட்டையும் மிதக்கும். எண்ணெய்க்காக வெயிலில் காயவைத்த கொட்டையையும் விதைக்க எடுக்க வேண்டாம். ஒன்றிரண்டை உடைத்துப் பார்த்து, பருப்பு வெளிர்நிறமாகவும் கெட்டியாகவும் இருந்தால் மற்றவற்றை நம்பலாம். ஓட்டோடு ஊன்றினால் முளைவிட ஏறத்தாழ இரண்டு மாதமாகும். ஓட்டில் விரிசல் விட்டால் ஐந்தாறு வாரமும், ஓட்டை முழுவதும் நீக்கினால் மூன்று வாரமும் போதும். நீக்கிய பருப்பை எறும்பும் எலியும் எளிதில் தின்றுவிடுமாகையால், சுத்தியலால் மெல்லத் தட்டி விரிசல் மட்டும் விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆற்றுமணலும் மட்கிய எருவும் கலந்த ஆழமான பையில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, அரைநிழலில் வைத்து, நல்ல நீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஆழம் குறைந்த பையில் ஆணிவேர் சுருண்டுவிடும். அப்படிச் சுருண்ட கன்று பிற்காலத்தில் காற்றுக்கு உறுதியாக நிற்காது. ஓரடி உயரம் வந்தபின், நடுவதற்கு முன்னரே, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

எப்போது நடுவது என்பதில் நான் பலரிடமிருந்து மாறுபடுகிறேன். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஜூன் மாதத்தில் நடுவது, கடலை விட்டு உள்ளே இருக்கும் விளைகளுக்கு (தோட்ட நிலங்களுக்கு) பொருத்தமானது. கடற்கரையிலோ அந்த மழையோடு தென்மேற்குக் காற்றும் கடலேற்றமும் சேர்ந்தே வருவதால், வேர் பிடிப்பதற்கு முன்பே இளந்தளிர்மேல் உப்புத் துளி படிந்து கன்று கருகுகிறது. ஆகவே காற்றுத் தணிந்து, துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நடுவதையே வலியுறுத்துவேன். இரு பருவமழையும் கிடைக்கும் இந்தப் பகுதியில், வடகிழக்கு மழை மேல்மணலிலுள்ள உப்பைக் கீழே கழுவிவிடுகிறது. அடுத்த இடவப்பாதி வருவதற்குள் கன்றுக்கு வேர்விட ஏழெட்டு மாதம் கிடைக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வாரம் இரண்டு மூன்று முறை நீரூற்றும் பொறுப்பை ஏற்கத்தான் வேண்டும். கோடையில் உங்கள் கிணற்று நீர் கரிக்குமானால், சேமித்த மழைநீரையோ குழாய் நீரையோ கன்றுக்கு ஒதுக்குங்கள்.

குழி இரண்டடி ஆழமும் அகலமும் இருக்கட்டும். வெறும் மணலில் நீர் நிற்காது என்பதால் அடியில் கதம்பையை (தேங்காய் மட்டையை) அடுக்கி, மேலே மட்கிய சாணமும் சருகும் மணலும் கலந்து நிரப்ப வேண்டும். காயலில் (உப்பங்கழியில்) ஊறப்போட்ட கதம்பையும், உப்பிட்ட மீன்கழிவும் குழிக்குள் உப்பையே கொண்டுவரும்; அவற்றைத் தவிர்க்க வேண்டும். இரசாயன உரங்களும் உப்புகளே ஆதலால் முதல் ஆண்டில் அவை வேண்டாம்.

நட்டவுடன் கடல் பக்கத்தில் கிடுகால் (முடைந்த தென்னோலையால்) ஒரு மறைப்புக் கட்டுங்கள். காற்றை அடியோடு தடுக்கும் தகரம் வேண்டாம். கிடுகு காற்றைச் சிறிது கசியவிடுவதால் எளிதில் சாயாது. அடிமரத்தைச் சுற்றிச் சருகு மூடாக்கு அவசியம். பலத்த காற்று ஓய்ந்த நாளில் மழை இல்லையென்றால் இலைகளை நல்ல நீரால் கழுவிவிடுங்கள். இலை நுனியும் விளிம்பும் பழுப்பேறுவது உப்பு மிகுந்ததன் அடையாளமாக இருக்கலாம். கடல்நீர் முற்றத்துக்குள் ஏறியிருந்தால், அது வடிந்தவுடன் நல்ல நீரை மிகுதியாக ஊற்றி வேர்ப்பகுதியைக் கழுவ வேண்டும்.

புன்னை மெதுவாக வளரும். முதல் பூவுக்கு ஏழெட்டு ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால் இடத்தை யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்: கிளைகள் அகலமாகப் பரவும் என்பதால் வீட்டுச் சுவரிலிருந்து இருபதடியாவது விலக்கி நடுங்கள். 2017-இல் ஒக்கிப் புயலில் மரங்கள் சாய்ந்ததைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தாழ்ந்த கிளைகள் மணலுக்கு நிழல் தருவதால் முதல் சில ஆண்டுகள் அவற்றை வெட்டாதிருப்பது நல்லது. வெட்ட நேர்ந்தால், அதன் பால் கண்ணில் படாதபடி கவனமாக இருக்க வேண்டும். பருப்பு விளக்கெரிக்கும் எண்ணெய்க்கு உதவுமே தவிர உண்ணத்தக்கதன்று. நடைபாதையில் உருளும் காய்கள் முதியவர்களின் காலை வழுக்கும். ஆகவே காய் உதிரும் காலத்தில் பாதையை நாள்தோறும் கூட்டிவிடுங்கள்.