ட்வின்பெரி ஹனிசக்கிள்: குச்சி நட்டுப் புதர் வளர்ப்பது எப்படி?

ஹனிசக்கிள் என்றதும் பலருக்குக் கொடிதான் நினைவுக்கு வரும். அந்த இனத்தைச் சேர்ந்த ட்வின்பெரி, கொடி வகை இல்லை. ஆள் உயரத்துக்கும் மேலே நிமிர்ந்து வளரும் புதர். அலாஸ்காவிலிருந்து மெக்சிகோ வரை, மலை ஓடைக் கரைகளில் தானாகவே வளர்வது. அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள், ஈரம் காயாத மூலையில் என்ன நடுவது என்று யோசித்தால் இதையே நடலாம்.

முதல் வேலை, சரியான தாய்ச்செடியைக் கண்டுபிடிப்பது. ஆசியாவிலிருந்து வந்து அமெரிக்கக் காடுகளில் பரவிவிட்ட புதர் ஹனிசக்கிள்களும் உண்டு. அவற்றின் பழம் பெரும்பாலும் சிவப்பு; முதிர்ந்த தண்டை வெட்டினால் நடுவே துளை இருக்கும். ட்வின்பெரியின் பழம் பளபளக்கும் கறுப்பு, தண்டில் துளை இருக்காது. பூவைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இலைக்கணுவில் இரண்டு மஞ்சள் குழல்கள் ஒட்டிக்கொண்டு தொங்கும். பூ உதிர்ந்த பிறகு, அதைத் தாங்கிய பூவடிச் செதில்கள் கருஞ்சிவப்பாக மாறி, ஜோடிப் பழத்துக்குப் பின்னால் விரிந்து நிற்கும். எனக்குப் பூவைவிட இதுதான் அழகு.

குளிர்காலத்தில், இலை உதிர்ந்து செடி உறங்கும்போது, பென்சில் தடிமனில், ஒரு வருடம் வளர்ந்த குச்சிகளை வெட்டுங்கள். 20 முதல் 25 செ.மீ. நீளம் போதும். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். காட்டில் அனுமதியில்லாமல் வெட்ட வேண்டாம்.

அப்புறம், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். தலைகீழாக நட்டுவிடாதீர்கள், மொட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும். அரை நிழல் நல்லது. முதல் கோடை முழுக்க மண் காயவே கூடாது. மற்றபடி பெரிய பராமரிப்பு கிடையாது.

கவாத்து செய்யும்போது மட்டும் நிதானம் வேண்டும். வேலி மாதிரி மேலே மட்டமாக வெட்டாதீர்கள், பூ குறைந்துவிடும். செடி உறங்கும் காலத்தில், வயதான ஓரிரு தண்டுகளை அடியோடு எடுத்தால் போதும். மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே அலாஸ்கா வரை பறக்கும் ரூஃபஸ் ஹம்மிங் பறவைக்கு, வழியில் இந்தக் குழல்பூத் தேன் பெரிய ஆகாரம். பம்பிள் தேனீக்களும் வரும்.

பழம் கசக்கும், நாம் சாப்பிட ஏற்றதில்லை. பறவைகளும் கரடிகளும் விரும்பித் தின்னும். அதனால் கரடி நடமாடும் ஊரென்றால், வாசலை விட்டுத் தள்ளியே நடுங்கள்.