மதுரை–கோவை முக்கால் மணி நேரமா? விமான தூரம் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து கோவைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், சுமார் 175 கி.மீ., முக்கால் மணி நேரம் என்கிற மாதிரி ஏதாவது ஒரு தளம் பதில் சொல்லிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தடத்தில் நேரடி விமானம் இல்லை. சென்னை வழியாகப் போவதென்றால் மதுரை–சென்னை சுமார் 420, சென்னை–கோவை சுமார் 400, ஆக 820 கி.மீ. மீனம்பாக்கத்தில் காத்திருக்கும் நேரம் தனி. பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக ஏறக்குறைய 215 கி.மீ.தான்.

இந்தத் தளங்கள் செய்வது வெறும் கணக்கு. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய கோடு போட்டு, ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் போலக் கூட்டிவிடும். அங்கே விமானம் ஓடுகிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. எனவே முதலில் பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, கால அட்டவணையை.

அடுத்தது, எல்லா விமானமும் 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்று வகுத்துப் பார்ப்பது. சென்னை–தூத்துக்குடி நேர்க்கோட்டில் சுமார் 525 கி.மீ. இப்படி வகுத்தால் 40 நிமிடம்தான் வரும். அந்தத் தடத்தில் பல வருடங்களாகப் பறப்பது காற்றாடி வைத்த ஏடிஆர் 72. அது மணிக்கு 500 கி.மீ. சுமாருக்குத்தான் போகும். டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஜெட் விமானமான ஏர்பஸ் 320 ஓடும் சென்னை–மதுரை தடத்தில்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் போட்டிருக்கும். குறுகிய தூரத்தில் மேலே ஏறவும் கீழே இறங்கவுமே பாதி நேரம் போய்விடுகிறதே!

தவிர, டிக்கெட்டில் உள்ளது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. புறப்படும் இடத்தில் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை போடும் வரைக்குமான நேரம் அது. சென்னையில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள். பத்து நிமிடம் முன்னதாக இறங்கினால் பைலட் விரட்டி ஓட்டினார் என்று அர்த்தமில்லை.

மைல் கணக்கிலும் கவனம் வேண்டும். விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. 285 கடல் மைலைச் சாலை மைல் என்று நினைத்து 1.6ஆல் பெருக்கினால் 456 கி.மீ. என்று வரும்; சரியான விடை 528.

ஊரும் விமான நிலையமும் ஒன்றல்ல என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கு வாகைக்குளம், சேலத்துக்கு ஓமலூர் பக்கம் காமலாபுரம். வீட்டிலிருந்து அங்கே போகும் நேரத்தையும், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வெளிநாடு என்றால் கடிகாரமும் குழப்பும். திருச்சி–சிங்கப்பூர் அட்டவணையைப் பார்த்தால் போக ஆறரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம் போலத் தெரியும். புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், போகும்போது அதைக் கழித்து, வரும்போது கூட்டினால், இரண்டும் நான்கு மணி நேரச் சுமார்தான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்குப் போகிறவர்களுக்கு இந்த வேலை இல்லை. இலங்கைக் கடிகாரமும் நம்முடையதும் ஒன்றுதான்.